மூணு மணிக்கு வாங்க

"ராத்திரி வந்தியன்னா ஒரு வார்த்த பேச முடியாது அண்ணாச்சி. மத்தியானம் மூணு மணிக்கு வீட்டுக்கு வாங்க. வேல பூரா அப்பத்தான்."

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தள்ளுவண்டி போட்டு பாஸ்ட் புட் கடை நடத்தும் அக்கா இப்படிச் சொன்னபோது எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கடையில் வாங்குகிறவன் நான். மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் இரவுப் பணி. மகளுக்கு ட்யூஷன் முடிய எட்டு மணி ஆகிவிடும். அந்த மூன்று நாளும் ராச்சாப்பாடு என் பொறுப்பு. வண்டிக்கு முன்னால் போய் நின்று "ரெண்டு சிக்கன் நூடுல்ஸ் பார்சல்" என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் பொட்டலம் கைக்கு வந்துவிடும். அதே சாமான்களை வாங்கி வீட்டில் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது. நூடுல்ஸ் ஒட்டிக் களியாகிறது, கோசு தண்ணீர் விட்டுத் தொய்ந்துபோகிறது. இரண்டுக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

அக்காவின் வீடு சிந்துபூந்துறையில். பின்பக்கச் சந்தில் நாலு எட்டு வைத்தால் தாமிரபரணி. முன்னறைச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. மூன்று சுவரிலும் சுண்ணாம்பு புதிதாக அடித்திருக்கிறார்கள், கோடு இருக்கிற சுவரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் நின்ற அளவு அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த இரண்டு நாளில், ஜங்ஷனும் கைலாசபுரமும் மீனாட்சிபுரமும் ஆற்றோடு ஒன்றாகிக் கிடந்ததை நெல்லைக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. "வண்டி போச்சு, அடுப்பு போச்சு, ரெண்டு மூட்ட நூடுல்ஸ் ஊறிப் பாயாசமாக் கெடந்துச்சு. இரும்புச் சட்டி மட்டும் சேத்துக்குள்ள இருந்து கெடச்சுது. அதத்தான் இன்னைக்கும் போடுதோம்" என்றார். அந்தச் சட்டி கொடியடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்பக்கம் கண்ணாடிபோலக் கறுப்பு, வெளிப்பக்கம் கரியேறி மரப்பட்டைபோல வெடித்திருந்தது.

நான் போனபோது அக்கா முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பலகையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து. கோஸை நாலாகப் பிளந்து, தண்டை அரிந்து வீசி, இலைகளை அடுக்காக அமுக்கிக் கத்தியை இழுக்கிறார். தீக்குச்சி அகலத்துக்கு இழை இழையாக விழுகிறது. கண் கத்தியில் இல்லை. என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே வெட்டுகிறார். வெட்டி முடித்ததைச் சுளகில் பரப்பும்போது குனிந்து பார்த்தேன். ஒரு இழைக்கும் இன்னொரு இழைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்க படிச்சீங்க இத?" என்று கேட்டேன்.

"இத எங்க படிக்க? பீடி சுத்துன கையி."

அக்காவின் பிறந்த ஊர் முக்கூடல். எட்டாம் வகுப்பிலிருந்து பீடி. முக்கூடல், ஆலங்குளம், பொட்டல்புதூர், மேலப்பாளையம் என்று இந்தப் பக்கத்துத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியிருக்கிறார்கள். இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, தகர அச்சு வைத்துக் கத்தரியால் நறுக்க வேண்டும். அளவு பிசகினால் பீடி தடிக்கும், இல்லாவிட்டால் தூள் கொட்டும். இரண்டையும் வாங்குகிற இடத்தில் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிற தொழிலில், ஒரே அளவில் வெட்டுவது விரல் நுனிக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் அந்த விரல்கள் கேரட்டுக்கு வந்தன.

அந்த அளவுதான் இந்தச் சாப்பாட்டின் உயிர் என்பதை அன்று சாயங்காலம் வரை நான் உணரவில்லை. நூடுல்ஸில் போடுகிற காய் சட்டியில் இருக்கப்போவது ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ. அதற்குள் எல்லாம் ஒன்றாக வெந்தாக வேண்டும். ஒரு கேரட் துண்டு தடியாக இருந்தால் அது பச்சையாக நிற்கும். அது வேகட்டும் என்று காத்திருந்தால் மெலிந்த துண்டுகள் எல்லாம் தண்ணீர் விட்டுவிடும். ஆகவே கடினமான காய் மெல்லியதாக, இளகிய காய் தடியாக. கேரட்டும் பீன்ஸும் சன்னம். குடைமிளகாய் கொஞ்சம் அகலம். கோசு இரண்டுக்கும் நடுவில். வெங்காயத்தாளில் வெள்ளைப் பகுதி தனி, பச்சைப் பகுதி தனி, ஏனென்றால் ஒன்று முதலில் விழும், மற்றது இறக்கும்போது விழும். இதையெல்லாம் எழுதிவைத்து யாரும் அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வண்டியில் சட்டி பிடிக்கிற மாஸ்டர் முதல் ஆறு மாசம் அவர் வெட்டிய காயைத் திருப்பித் திருப்பி அனுப்பினாராம்.

காய் வருவது டவுன் நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து. விடியக்காலை போய் வாங்கி வருகிறவர் அக்காவின் கணவர். ஊட்டி கேரட்டில் தோல் வழவழப்பாக, ஒடித்தால் சத்தம் வர வேண்டும். கோஸைக் கையில் தூக்கிப் பார்த்தால் உருவத்துக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். வெட்டிய எதையும் அதற்குப் பிறகு கழுவுவது கிடையாது. முழுசாகக் கழுவித் துணியில் ஒற்றித்தான் பலகைக்கு வருகிறது. "ஈரம் இருந்தா சட்டி அழுதுரும்" என்றார். என் வீட்டுச் சட்டி ஏன் அழுகிறது என்பதற்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்தது. நான் வெட்டிய பிறகு அலசிப் போடுகிறவன்.

மூன்றே முக்காலுக்கு நூடுல்ஸ் வேக ஆரம்பித்தது. பெரிய அலுமினியக் குண்டானில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய். காய்ந்த நூடுல்ஸ் அடைகளை உதிர்க்காமல் அப்படியே போடுகிறார்கள். அது தானாக அவிழும்வரை கரண்டி படக்கூடாது. அவிழ்ந்ததும் நீளக் கோலால் இரண்டு முறை தூக்கி விடுகிறார் உதவிக்கு இருக்கும் இளைஞர். அவர் டார்ஜிலிங் மலைப்பக்கத்துக்காரர். நாலு வருஷத்தில் அவர் பேசுகிற தமிழ் சுத்தமான நெல்லைத் தமிழாகிவிட்டது. ஒரு இழையை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்து, நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரிந்ததும் "எடுத்துரலாம்க்கா" என்றார். அந்த வெள்ளைப் புள்ளி வேகாத மாவு. மிச்ச வேக்காடு சட்டிக்குப் பாக்கி வைக்கப்படுகிறது.

குண்டான் கூடையில் கவிழ்ந்ததும் மேலே இரண்டு வாளி பச்சைத் தண்ணீர். சூடு அத்தோடு நிற்கிறது. மேலே ஒட்டியிருந்த கஞ்சிப் பசை கழுவிப் போகிறது. பிறகு வடிந்த நூடுல்ஸை வாய் அகன்ற தட்டுகளில் பரப்பி, எண்ணெய் தொட்ட விரல்களால் கோதிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் ஆறப் போடுகிறார்கள். வெந்த மாவு ஆறும்போது அதன் ஸ்டார்ச் மறுபடி இறுகுகிறது. நேற்றைய சோறு இன்றைக்கு உதிரியாக நிற்பதும், அதை வைத்துச் செய்த பிரைடு ரைஸ் குழையாமல் வருவதும் இதே காரணத்தால்தான். சூட்டோடு சட்டியில் போடுகிற நூடுல்ஸ் களியாகத்தான் ஆகும், கை எவ்வளவு பழகினதாக இருந்தாலும்.

தட்டில் கிடந்த இழைகளைப் பார்க்கும்போது எனக்குக் கல்லிடைக்குறிச்சி வீட்டில் அம்மா சேவை பிழிந்தது நினைவு வந்தது. புழுங்கலரிசி மாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்து வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நாழியில் போட்டுப் பிழிவாள். அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நாங்கள் ஆற விட்டதே இல்லை. ஆறினால் மாவு இறுகி நாழி சுற்றாது. பிழிந்த பிறகு ஆறினால் நல்லது, உதிரியாக வரும், எலுமிச்சம்பழமோ தேங்காயோ போட்டுக் கிளறலாம். அரிசிக்கும் கோதுமைக்கும் நடுவில் உள்ள பேதம் இங்கே இருக்கிறது. கோதுமை மாவில் பசையம் உண்டு, இழுத்தால் நீளும், அதனால் அதைத் தட்டி மடித்து நறுக்கலாம். அதில் கொஞ்சம் கார உப்பும் சேர்த்தால் மஞ்சள் பாரித்து இன்னும் துள்ளலாக நிற்கும். அரிசிக்கு அந்த இழுவை கிடையாது. அதனால்தான் நாம் அதை முதலில் வேகவைத்து, பிறகு துளை வழியே நெரித்து நூலாக்கினோம். திருநெல்வேலிச் சொதியில் இடியாப்பத்தை நனைத்துச் சாப்பிட்டு வளர்ந்த ஊருக்கு நூல் வடிவச் சாப்பாடு அந்நியமே அல்ல. வந்தது வேறு தானியம், வேறு நெருப்பு.

சீனாவின் லாஜியா என்ற இடத்தில், மஞ்சள் ஆற்றங்கரையில், வெள்ள மண்ணுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்குள் நூடுல்ஸ் இழைகள் கிடைத்தன. வயது சுமார் 4000 ஆண்டு. 2005இல் அது பற்றிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது, அந்த இழைகள் தினை வகைத் தானியங்களால் ஆனவை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அக்காவின் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சாப்புட உக்காந்த நேரத்துல தண்ணி வந்திருக்கும்போல, பாவம்."

நமக்கு நூடுல்ஸ் வந்த வழி கல்கத்தா. அங்கே டாங்ராவில் தோல் பதனிட்டு வாழ்ந்த ஹக்காச் சீனர்கள் தங்கள் சமையலை இந்திய நாக்குக்கு வளைத்தார்கள். பச்சை மிளகாயும் பூண்டும் சோயா சாஸோடு சேர்ந்தது அப்படித்தான். ஹக்கா நூடுல்ஸ் என்ற பெயர் அவர்கள் விட்ட அடையாளம். 1983இல் மேகி வந்து நூடுல்ஸ் என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளைகள் வாயில் போட்டது. பெரிய ஓட்டல்களிலிருந்து இது தள்ளுவண்டிக்கு இறங்கிய பிறகுதான் எங்கள் ஊர்ச் சாப்பாடு ஆனது என்பது என் எண்ணம். புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் சீனச் சட்டி வந்து நின்றது. ஒன்றில் கொத்துகிற சத்தம், மற்றதில் பர்னர் இரைகிற சத்தம். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று எங்கள் ஊர்களின் இரவு ஏழு மணி.

டார்ஜிலிங் தம்பி தன் வீட்டில் துக்பா செய்வதைப் பற்றிச் சொன்னார். எலும்புச் சாறு, அதில் மிதக்கும் நூடுல்ஸ், குளிருக்கு இதம். "இங்க உள்ளது நூடுல்ஸ் இல்ல அண்ணாச்சி, நூடுல்ஸ்ல செஞ்ச கொத்துப் புரோட்டா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை என்றே எனக்குப் படுகிறது.

கோழி மேலப்பாளையத்திலிருந்து வருகிறது. எலும்பில்லாத தொடைக்கறி. நெஞ்சுக்கறி சட்டியில் சீக்கிரம் வறண்டு நார் நாராகிவிடும் என்று அக்கா வாங்குவதில்லை. சதையில் ஓடும் நாரைப் பார்த்து அதற்குக் குறுக்காக, சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்குகிறார். உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் சோயா சாஸ், ஒரு முட்டை வெள்ளைக்கரு, இரண்டு கரண்டி சோளமாவு. பிசைந்து அரைமணி நேரம். பிறகு எண்ணெயில் முக்கால் பதம் பொரித்து எடுத்து வைத்துவிடுகிறார். மற்ற வண்டிகளில் சிக்கன் 65க்குப் போடுகிற சிவப்பு மாவையே இதற்கும் போடுவார்கள். இவர் சாயப்பொடியை வீட்டுக்குள் விடுவதில்லை. 2024இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயையும் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியன் சாயத்தையும் தடை செய்த செய்தி வந்தபோது, தான் முன்பே விட்டுவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம்.

அஜினமோட்டோவைப் பற்றியும் கேட்டேன். சமையலறையில் ஒளித்து வைக்கிற பொருளாக அது நம் ஊரில் ஆகிவிட்டது. அவர் டப்பாவையே எடுத்துக் காட்டினார். ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேதா 1908இல் கடற்பாசிச் சாற்றில் பிரித்தெடுத்த சுவை அது. தக்காளியிலும் அதே சத்து இயல்பாக இருக்கிறது. 2015இல் மேகி மீது வந்த தடைக்குப் பிறகு ஜனங்கள் பயப்படுகிறார்கள், வேண்டாம் என்கிறவர்களுக்குப் போடுவதில்லை என்றார். என்னைக் கேட்டால், தள்ளுவண்டியில் பயப்பட வேண்டியது சாயத்துக்கும், மறுபடி மறுபடி காய்ச்சிக் கறுத்த எண்ணெய்க்கும்தான். ஒரு சிட்டிகை உப்புக்கு அல்ல.

ஆறரைக்கு வண்டி ரோட்டுக்கு வந்தது. மாஸ்டர் அதற்கு முன்பே வந்து நின்றார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி. விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, சென்னையில் ஒரு நேபாள மாஸ்டரிடம் இரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்து, மூன்றாவது வருஷம்தான் சட்டியைத் தொட்டவர். "மொத நாளு வெறும் மண்ணப் போட்டு வீசச் சொன்னாவ. மண்ணு கீழ சிந்தாத அன்னைக்குத்தான் நூடுல்ஸ் குடுத்தாவ."

பர்னரைப் பற்றவைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. அக்கா சொன்னது அப்போதுதான் புரிந்தது. 19 கிலோ வணிக சிலிண்டரிலிருந்து அழுத்தத்தோடு வரும் கேஸ், நீலமாக, உறுமிக்கொண்டு சட்டியின் அடியைச் சுற்றிப் பிடிக்கிறது. வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு வெக்கை. இரண்டடி தள்ளி நின்ற எனக்கே முன்கை ரோமம் சுருங்கியது.

நான் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டி புகைகிறது. எண்ணெய். சுற்றி ஓடவிட்டு, அதிகப்படியைக் கிண்ணத்தில் ஊற்றி விடுகிறார். பூண்டு விழுந்து வெள்ளை மாறுவதற்குள் முட்டை. முட்டை பொங்கிப் பாதி கட்டுகிறபோது கரண்டி முதுகால் உடைத்து ஓரம் தள்ளுகிறார். சிக்கன். வெங்காயத்தாளின் வெள்ளை, கேரட், பீன்ஸ். மூன்று வீச்சு. கோசு, குடைமிளகாய். இரண்டு வீச்சு. ஒரு கைப்பிடி நூடுல்ஸ், ஆம், கையால் அள்ளி, ஒரு பிளேட் அளவு அந்தக் கைப்பிடிதான். உப்பு, வெள்ளை மிளகுத்தூள் கரண்டி நுனியில் தொட்டு. சோயா சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றவில்லை. சட்டியின் விளிம்பில் சுற்றிலும் விடுகிறார். அது இரும்பில் பட்ட மாத்திரத்தில் சீறிக் கருகி மணமாகி, பிறகுதான் கீழே இறங்குகிறது. கொஞ்சம் சில்லி சாஸ், ஒரு சொட்டு வினிகர். வீச்சு, வீச்சு, வீச்சு. தாளின் பச்சை. வாழையிலையில் விழுந்தபோது ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி.

அந்த வீச்சைத் தள்ளி நின்று பார்க்கிறவர்கள் ஒரு வித்தையாகத்தான் நினைப்பார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த ஹங்டாங் கோ, டேவிட் ஹூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் சீனச் சமையல்காரர்கள் சட்டி வீசுவதைப் படம்பிடித்து அளந்து 2020இல் எழுதினார்கள். ஒரு வீச்சுக்குச் சுமார் மூன்றில் ஒரு விநாடி. சட்டியை அடுப்பின் விளிம்பில் ஊன்றி முன்னால் தள்ளிச் சாய்த்து இழுக்கும்போது உள்ளே இருப்பது காற்றில் எழும்புகிறது. இரும்போடு ஒட்டிக் கிடக்கிற நேரம் குறைவதால் கருகுவதில்லை. எழும்பிய நேரத்தில் ஆவி பறந்துபோவதால் தண்ணீர் தேங்குவதில்லை. தண்ணீர் இருக்கிற வரைக்கும் எதுவும் நூறு டிகிரிக்கு மேல் சூடேறாது, வேகும், வதங்கும், சிவக்காது. நூற்று நாற்பதுக்கு மேல் போனால்தான் அந்த வறுபட்ட வாசனை பிறக்கிறது. மாஸ்டரின் இடதுகை செய்துகொண்டிருந்தது தண்ணீரை விரட்டுகிற வேலை.

அதே ஆய்வுக் கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: இந்தச் சமையல்காரர்களில் பெரும்பாலோருக்குத் தோள்வலி. அதைப் படித்துவிட்டுப் போயிருந்ததால் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சட்டைக் காலரை விலக்கி இடது தோளைக் காட்டினார். பிளாஸ்திரி வெட்டு வெட்டாக ஒட்டியிருந்தது. காலையில் எழுந்ததும் கை தலைக்கு மேல் போகாது, ஒன்பது மணிக்குத்தான் சட்டை போட முடியும் என்றார். இந்தத் தொழிலில் விடுப்பு நாளுக்குக் கூலி இல்லை. மழை நாளும் கூலி இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2014இல் சட்டம் வந்து, அடையாள அட்டையும், 2020லிருந்து கடன் உதவியும் கிடைக்கிறது. அது வண்டிக்காரருக்கு. வண்டியில் நிற்கிற மாஸ்டரின் தோளுக்கு அதில் இடமில்லை. இதைப் பற்றி நாம் பேசவே இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. ஒரு பிளேட்டுக்கு ஐந்து ரூபாய் கூட்டினால் முகம் சுளிக்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

எட்டரைக்குக் கூட்டம். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையிருப்பவர்கள்தான் அதிகம். "காரம் இல்லாம ஒண்ணு" என்று கேட்டால் மேலே விசாரிக்காமல் மாஸ்டர் சில்லி சாஸை விட்டுவிடுகிறார். பாளையங்கோட்டை விடுதிப் பிள்ளைகள் ஒரு பிளேட்டை இரண்டாகப் பங்கு கேட்கிறார்கள். பங்கு போடும்போது அளவு கொஞ்சம் கூடிவிடுகிறது, யாரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. பத்து மணி வரை ஒவ்வொரு பிளேட்டாகத்தான் போடுகிறார். ஐந்து பார்சல் ஒருவரே கேட்டாலும் அதிகபட்சம் இரண்டு சேர்த்து. "மூணு போட்டா சட்டி சூடு எறங்கிரும்" என்று ஒரு வரி. என் சமையலறைக்கு வேண்டிய மிச்சப் பாதி பதில் அது.

பதினொன்றுக்குச் சட்டியைச் சோப்புப் போடாமல் வெந்நீர் ஊற்றி மூங்கில் துடைப்பத்தால் தேய்த்து, அடுப்பில் காட்டி உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்தார்கள். வெள்ளத்தில் தப்பிய அந்தக் கறுப்பு அப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

அடுத்த புதன்கிழமை நான் வீட்டில் செய்தேன். முந்தின இரவே நூடுல்ஸ் 250 கிராம் வேகவைத்து, அலசி, எண்ணெய் தொட்டு, டப்பாவில் பிரிட்ஜுக்குள். காலையில் காயை நறுக்கி உலர்ந்த துணியில் சுற்றினேன். தொடைக்கறி 250 கிராமைக் குறுக்கு வெட்டாகப் போட்டு வெள்ளைக்கருவும் சோளமாவும் பிசைந்து வைத்தேன். பொரிக்கவில்லை, மூன்று பேருக்கு அவ்வளவு எண்ணெய் காய்ச்ச மனசு வரவில்லை. இரவு எட்டேகாலுக்கு அம்மாவின் பழைய இரும்பு வாணலியைப் பெரிய பர்னரில் வைத்து, புகை வரும்வரை மூன்று நிமிஷம் சும்மா விட்டேன். முதலில் கோழியை மட்டும், ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஒரு நிமிஷம் தொடாமல். அடி சிவந்ததும் புரட்டி, வெந்ததும் தட்டில் எடுத்துவிட்டேன். வாணலியைத் துடைத்து மறுபடி புகைய விட்டு ஒரு பிளேட் அளவுக்குப் பூண்டு, முட்டை, காய், கோழி, நூடுல்ஸ், விளிம்பில் சாஸ். வீட்டு அடுப்பில் வீசக்கூடாது. வாணலியைத் தூக்கினால் இருக்கிற கொஞ்ச வெக்கையும் போய்விடும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். இரண்டு கரண்டியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டேன். பிறகு இரண்டாவது பிளேட், மூன்றாவது. இறக்கும்போது நானாக ஒன்று செய்தேன், அரைக் கரண்டி நல்லெண்ணெய். சீனாவில் வறுத்த எள்ளில் எடுப்பார்கள், வாசனை வேறு. நம் செக்கு எண்ணெயின் மணம் இதில் சோயாவோடு மல்லுக்கு நிற்கவில்லை. எல்லாம் சேர்த்துப் பதினேழு நிமிஷம்.

மகள் தட்டை நீட்டி இன்னும் கேட்டாள். மனைவிக்கு டப்பாவில் போட்டுவைத்த பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, மறுநாள் மூன்று மணிக்குச் சிந்துபூந்துறைக்குக் கொண்டுபோனேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டார். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் மெதுவாக மென்றார். "உப்பு சரி. கறி பஞ்சா இருக்கு. ஒட்டல." பிறகு டப்பாவுக்குள் விரலை விட்டு ஒரு கேரட் இழையையும் ஒரு கோசு இழையையும் எடுத்துச் சுளகு விளிம்பில் பக்கம் பக்கமாக வைத்தார். கேரட் தடித்து வெளுத்த நடுவோடு நின்றது. கோசு கண்ணாடியாகி வளைந்திருந்தது.

"இது ரெண்டும் ஒண்ணா வேகல, பாருங்க."

பலகையை என் பக்கம் திருப்பி, கத்தியின் பிடி எனக்கு வருகிற மாதிரி வைத்தார். கூடையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து நீட்டினார்.

"உக்காருங்க. இன்னைக்கு அஞ்சு கிலோ கெடக்கு."